எழுபதடிச் சக்களத்தி

எனக்கு ஒரு சக்களத்தி இருக்கிறாள். எழுபதடி உயரம். எட்டுப் பட்டை இடுப்பு. தலையில் நான்கு கை. வயது நூற்றைம்பதுக்குக் குறையாது. ஹொலண்டின் வடக்கே, குரோனிங்கன் மாகாணத்தில், உருளைக்கிழங்கு வயல்களுக்கு நடுவே ஒரு கிராமத்தில் நிற்கிறாள். வருசா வருசம் யூலை மாதத்தில் இரண்டு கிழமை என் புருசன் லண்டனை விட்டு அவளிடம் போய்விடுவார். காற்றாலைதானே என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். பெண்ணுக்குப் பின்னால் போகிற புருசனை ஊர் கூட்டி வைத்து நியாயம் கேட்கும். மரத்துக்குப் பின்னால் போகிறவனை, நல்ல மனுசன், குடி இல்லை, சிகரெட் இல்லை என்று அதே ஊர் மெச்சுகிறது. என் வயிற்றெரிச்சலை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்ட?

இவருக்குப் பெயர் கிருஷ்ணராசா. ஒரு தடவை சொல்லிவிட்டேன், இனி இவர் இவர்தான். யாழ்ப்பாணத்தில் மரவேலை படித்தவர். லண்டனில் தமிழ்க் கடைகளுக்குத் தட்டு அடிக்கிறார். அப்டன் பார்க், பார்க்கிங் என்ற பகுதிகளில் அரிசி மூட்டையும் மாப் பைகளும் அடுக்கியிருக்கிற தட்டுகளில் பாதி இவர் கைப்பட்டவை. ஒரு யானையை ஏற்றி நிறுத்தினாலும் ஆடாது. வேலையில் அவ்வளவு சுத்தம். பேச்சில்தான் வாய்க்குள் கொழுக்கட்டை. காலையில் “தேத்தண்ணி”, இரவில் “லைற்றை நூர்” என்ற இரண்டு வசனத்தோடு ஒரு நாளை ஓட்டிவிடுவார். லூயிஷாம் சிவன் கோயிலில் தேர் இழுக்கிற அன்று எல்லோரும் சுவாமியைப் பார்த்துக் கும்பிட, இவர் குனிந்து சில்லின் அச்சைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஆனால் அவளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்! பெரிய சக்கரத்தில் அறுபத்தொரு பல்லு, எல்லாம் மரம், எந்தப் பல்லு எந்த வருசம் மாற்றியது என்று ஒப்பிப்பார். எங்கள் கலியாண நாள் மட்டும் நினைவிருக்காது. மாரிகாலம் முழுக்க வீட்டுக்குப் பின்னாலிருக்கிற கொட்டிலில் குந்தி அவளுக்குப் பல்லுச் செதுக்குவார். செதுக்கியதற்கெல்லாம் தேன்மெழுகு தேய்ப்பார். என் கைக்கு ஒரு கிறீம் வாங்கித் தந்ததில்லை. போகிற நாளில் பெட்டிக்குள் உடுப்பு இரண்டு, பல்லு இருபது. இவருடைய பேர்சுக்குள் மகள் துஷ்யாவின் படம் இருக்கிறது, அந்தச் சக்களத்தியின் படம் இருக்கிறது. நான் இல்லை.

பக்கத்து வீட்டுப் பியற்றிஸிடம் சொல்லி அழுதேன். மன்னார்க்காரி, மாதா கோயிலே கதி என்று கிடக்கிற குடும்பம்.

“உனக்கென்ன விசரே நகுலா? ஆரும் காத்தாலையோட எரிச்சல் படுவினமோ?”

“உன்ர மனுசன் ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கோயில்ல நிக்கேக்க உனக்கு எரியிறேல்லையோ?”

“அது மாதா. மாதாவோட போட்டி போட ஏலுமே?”

“எனக்கு இதோட ஏலேல்லையடி,” என்றேன்.

பியற்றிஸுக்குத் தெரியாத கதை ஒன்று இருந்தது. அதை நான் யாருக்கும் சொன்னதில்லை.

தொண்ணூற்றாறில் நான் கலியாணம் முடித்து அந்தக் கிராமத்துக்குப் போய் இறங்கினேன். இவர் எனக்கு முன்னமே ஐந்து வருசம் அங்கே அகதியாக இருந்தவர். கேஸ் முடியும்வரை சம்பளத்துக்கு வேலை செய்ய விடமாட்டார்கள். சும்மா இருக்க ஏலாத மனுசன், பாழாய்க் கிடந்த காற்றாலையைத் திருத்துகிற ஊர்க் குழுவில் போய்ச் சேர்ந்துகொண்டார். விசா கிடைத்து, வேலை கிடைத்து, மனைவியும் வந்த பிறகும் விடவில்லை. எங்கள் படுக்கையறை யன்னலைத் திறந்தால் நேரெதிரே அவள்தான். காலையில் கண் விழித்ததும் என் முகத்துக்கு முன் அவள் முகத்தைப் பார்ப்பார்.

தொண்ணூற்றெட்டு நவம்பரில், ஏழாம் மாதத்தில், எனக்கு ஒரு ஆண்பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. நான் தலையில் அடித்துக் குழறினேன். இவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பிள்ளையைக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்தார். எனக்குச் சோறு குழைத்துத் தீத்தினார். மறுநாள் விடிய எழும்பிக் காற்றாலைக்குப் போய்விட்டார். அடுத்த நாளும் போனார். அதற்கடுத்த நாளும் போனார்.

பெற்றவளைக் கட்டிலில் விட்டுவிட்டு மரத்தைக் கட்டிப்பிடிக்கப் போனவரை நான் என்னவென்று நினைக்க? அன்றைக்குத்தான் அவள் முழுச் சக்களத்தியாக என் நெஞ்சில் வந்து குந்தினாள். யன்னல் திரையை இழுத்து மூடினேன். காற்றாலைக் குழுவின் தலைவி, வில்மா என்ற ஆறடிப் பெண், பூங்கொத்தோடு வந்து கதவைத் தட்டினாள். நான் திறக்கவில்லை. அந்த மூன்று நாளில் திரையை நான் விலக்கியது ஒரே ஒரு தடவை, அதுவும் ஒரு விரல் அகலம்.

இவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வருகிற வாயா அது? அழத் தெரியாத மனுசனோ, அல்லது என் பிள்ளைக்காக அழ மனமில்லாத மனுசனோ? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டே பத்து வருசம் குடும்பம் நடத்தினேன். துஷ்யா பிறந்தாள். இரண்டாயிரத்து மூன்றில் நான் ஒற்றைக் காலில் நின்று எல்லாரையும் லண்டனுக்குக் கிளப்பினேன். கோயில் இருக்கிறது, பிள்ளை தமிழ் படிக்கும் என்பதெல்லாம் சாட்டு. அவளிடமிருந்து இவரைப் பிரிக்க வேண்டும், அதுதான் விசயம். எங்கே பிரிந்தார்? கடல் தாண்டிப் போய்ப் பார்க்கிறார்.

இரண்டாயிரத்து எட்டில் வில்மாவிடமிருந்து கடிதம் வந்தது. திருத்த வேலை முழுக்க முடிந்துவிட்டதாம், யூலையில் திறப்பு விழாவாம்.

“குடும்பத்தோட வரட்டாம்,” என்றார் இவர்.

ஒருநாளும் வராதவள், “ஓம், வாறன்,” என்றேன். இவர் கடிதத்தை விட்டு நிமிர்ந்து பார்த்தார். சக்களத்திக்கு என்ன சோடினை செய்கிறார்கள் என்று நேரில் பார்த்து, நறுக்கென்று நாலு கேள்வி கேட்டுவிட்டு வருவதாகத்தான் நான் புறப்பட்டேன். அலமாரியிலிருந்ததில் விலை கூடின சேலையையும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

கோச் பஸ்ஸில் போய் இறங்கினோம். ஊர் முழுக்கக் கொடி கட்டியிருந்தது. சும்மா சொல்லக்கூடாது, புதுப் பெயின்ற் அடித்துக் கலியாணப் பெண் மாதிரித்தான் நின்றாள். எரிந்தது எனக்கு. அதற்குள் வில்மா ஓடி வந்து இவருக்குக் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். ஒன்றல்ல, மூன்று. ஹொலண்டுக்காரர் எல்லாருக்கும் அப்படித்தான் கொடுப்பார்கள், ஏழு வருசம் அங்கே இருந்தவளுக்குத் தெரியாதா? தெரிந்தும் எண்ணினேன். பிறகு எனக்கும் மூன்று கொடுக்க வந்தாள். ஒன்றோடு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஊர்த் தலைவர் பேசினார். பாண்ட் வாத்தியம் அடித்தார்கள். பிறகு வில்மா ஒலிபெருக்கியைப் பிடித்து, உள்ளேயிருக்கிற பல்லெல்லாம் இந்த மனிதர் செய்தவை, ஆகவே இவருடைய மனைவிதான் ஆலையை ஓடவிட்டு நிறுத்தி வைக்க வேண்டும் என்றாள். கூட்டம் கை தட்டியது. எனக்கு உச்சி குளிர்ந்துதான் போனது, மறைப்பானேன்? சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு படியேறினேன். முன்பக்கம் கைகள் சுழலும். பின்பக்கத்து மேடையில் பிறேக் கயிறு தொங்கும். அங்கே என்னை நிறுத்தினார்கள்.

இவர் கயிற்றை என் கையில் தந்தார். “இழுத்தா ஓடும். விட்டா பிறேக் பிடிக்கும். நேர நிப்பாட்டாதை நகுலா. மேல நிக்கிற கை உச்சியில இல்லாமல் கொஞ்சம் சரிஞ்சு நிக்கோணும். ஒரு பக்கம் சந்தோசத்துக்கு. மற்றப் பக்கம் நிண்டா...”

அந்த நேரம் பார்த்து வில்மா இவரின் தோளில் கை வைத்தாள்.

“எனக்குத் தெரியும், நீங்கள் விலகுங்கோ,” என்று பாய்ந்தேன்.

என்ன தெரியும் எனக்கு? ஒரு மண்ணும் தெரியாது. அவளைப் பற்றி எதையும் அறியக்கூடாது என்று ஏழு வருசம் வைராக்கியமாக இருந்தவள் நான். ஆனாலும் நல்ல காரியத்துக்கு எந்தப் பக்கம் என்று ஒரு தமிழச்சிக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா? வலது காலை வைத்து வீட்டுக்குள் வந்தவள், வலது கையால் கொடுத்து வலது கையால் வாங்குகிறவள். கயிற்றை இழுத்தேன். கைகள் அசைந்தன, சுழன்றன, பலகை அதிர்ந்தது. பாண்ட் வாத்தியம் மறுபடி தொடங்க, நான்கு சுற்று விட்டேன். பிறகு அண்ணாந்து பார்த்து, ஒரு கை உச்சியைக் கடந்து என் வலப்பக்கம் சரியும்போது கயிற்றை விட்டேன். அச்சொட்டாக நின்றது.

கை தட்டல் வரவில்லை. பாண்ட் வாத்தியம் பாதியில் நின்றது. கீழே எட்டிப் பார்த்தால், வயதான ஆண்கள் ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றுகிறார்கள்.

அந்த ஊர் வழக்கம் இதுதான். உச்சிக்கு வரப்போகிற கையோடு நிறுத்தினால் சந்தோசம். உச்சியைத் தாண்டி இறங்குகிற கையோடு நிறுத்தினால் துக்கம். சாவு விழுந்தால்தான் அப்படி நிறுத்துவார்கள். பின்னால் நிற்கிறவளுக்கு வலப்பக்கம் என்பது இறங்குகிற பக்கம். திறப்பு விழா அன்று ஊருக்கே இழவு சொல்லிவிட்டேன்!

ஒரு ஆள் ஓடிவந்து கயிற்றைப் பிடித்தார். இவர் அவருடைய கையைத் தடுத்து டச்சில், “விடுங்கள், கொஞ்ச நேரம் இப்படியே நிற்கட்டும்,” என்றார். குரல் உடைந்துபோயிருந்தது. பன்னிரண்டு வருசத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

வில்மா என் கையைப் பிடித்தாள். “எங்களுக்கு விளங்குகிறது,” என்றாள் மெல்ல. “கடைசியாக இது இப்படி நின்றது உங்கள் மகனுக்குத்தான்.”

“என் மகனுக்கா?”

“அன்று காற்றே இல்லை. உங்கள் கணவர் தனியாக நின்று கையாலேயே இழுத்து இழுத்து இந்த இடத்துக்குக் கொண்டுவந்தார். மூன்று நாள் யாரையும் தொட விடவில்லை. கீழே நின்று அழுதபடியே இருந்தார். நான் பூக்கொண்டு வந்து கதவைத் தட்டினேன், நீங்கள் நித்திரை போல.”

எனக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது. இவருடைய கண்ணீரை வில்மா பார்த்திருக்கிறாள். பாண் சுடுகிறவன் பார்த்திருக்கிறான், தபால்காரன் பார்த்திருக்கிறான். என் பிள்ளைக்காக விட்ட கண்ணீரை ஊர் முழுக்கப் பங்கு போட்டுக்கொண்டு, பெற்றவளுக்கு ஒரு துளி வைக்கவில்லை. கூட்டம் பார்க்கிறது என்றும் பார்க்காமல் இவர் மேல் பாய்ந்தேன்.

“ஊருக்கெல்லாம் சொல்லி அழுதிருக்கிறியள். எனக்கு ஒரு சொல்லுச் சொல்ல உங்களுக்கு வாய் வரேல்லையோ?”

“ஊருக்குச் சொல்லேல்லை,” என்றார் இவர். “உனக்குத்தான் சொன்னனான்.”

“எனக்கோ? எப்ப?”

இவர் கையை நீட்டிக் காட்டினார். வீதிக்கு அந்தப் பக்கம், இரண்டாம் மாடியில், எங்கள் பழைய படுக்கையறை யன்னல். இப்போது யாரோ அதில் பூச்சாடி வைத்திருக்கிறார்கள்.

“எங்கட யன்னலுக்கு நேரதானே நிக்குது. வாயால சொல்ல எனக்கு ஏலேல்லை நகுலா. நீ திரையைத் திறந்து பாப்பாய், ஏன் இது இப்பிடி நிக்குது எண்டு கேப்பாய், அப்ப உன்னோட இருந்து அழலாம் எண்டு நினைச்சன். மூண்டு நாளும் கீழ நிண்டு யன்னலைத்தான் பாத்தனான்.”

இவ்வளவு நீளமாக இவர் பேசி நான் கேட்டதே இல்லை. கூட்டத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. துஷ்யா படியேறி வந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கொஞ்ச நேரத்தால் நாங்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்து கயிற்றை இழுத்தோம். இந்த முறை இவர் சொன்ன இடத்தில் விட்டேன். வருகிற கையோடு நின்றாள். கீழே கை தட்டினார்கள், தொப்பிகளைப் போட்டுக்கொண்டார்கள், கோப்பியும் கேக்கும் கொடுத்தார்கள். வில்மாவிடம் மிச்ச இரண்டு முத்தத்தையும் நானாகப் போய் வாங்கிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது கோச்சில் துஷ்யா என் மடியில் நித்திரையாகிவிட்டாள். இவர் யன்னல் பக்கம் இருந்தார். வெளியே பார்த்தபடி, என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

“அந்த மூண்டு நாளும் நீ ஒருக்காலும் திறந்து பாக்கேல்லையோ?”

பார்த்தேன். இரண்டாம் நாள் பின்னேரம், திரையை ஒரு விரல் அகலம் விலக்கிப் பார்த்தேன். கைகள் கோணலாக நின்றன. கீழே இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவள் உடைந்துபோனாள், இனி ஓடமாட்டாள், நாசமாய்ப் போகட்டும் என்று நினைத்தேன். பிள்ளை போன பிறகு முதன்முதலாக எனக்குச் சிரிப்பு வந்தது. திரையை இழுத்து மூடிவிட்டு நிம்மதியாகப் படுத்தேன்.

“இல்லை,” என்றேன்.