கடலுக்கு மேலே தப்பாக வைத்த சூரியன்

போன புதன்கிழமை காலை ஆறு மணி. ஜெனிபர் போன்.

"ஏலே, எந்திச்சியா? எங்கப்பா வள்ளத்துல உள்ள ஆறு பேரும் கடை வாசல்ல நிக்காவ. பொரிச்ச மீனு எங்கனு கேக்காவ!"

"கடை சாயங்காலம்லா?"

"அத நீ போட்ட போஸ்டர்ட்ட கேளு."

ஜெனி என் காலேஜ் மேட். சென்னை வேலையை உதறிவிட்டு வந்து, பீச் ரோட்டில் பொரித்த மீன் வண்டி போடுகிறாள். அன்று மாலை ஆறு மணிக்குத் திறப்பு. வீட்டில் யாருக்கும் இஷ்டமில்லை. முதல் நாளே சொதப்பினால் மறுபடி சென்னை ரயில்தான். போஸ்டர் என் உபயம். முந்தின நாளே வாட்ஸ்அப்பில் பறக்கவிட்டாயிற்று. நாற்பது லைக்!

நான் பைக்கில் போய் இறங்கியதும் ஆரம்பித்தாள்.

"நம்மூர்ல கடலுக்கு மேல சூரியன் இருந்தா அது காலைதாம்ல. எவன் சாயங்காலம்னு நினைப்பான்?"

அட... ஆமாம்! நமக்குக் கடல் கிழக்கில். நான் அழகுக்காக வைத்த ஆரஞ்சு சூரியன், நேரத்தையே மாற்றிவிட்டது.

"கீழ மாலைன்னு எழுதிருக்கேன்லா, ஏளா?"

"எங்க? தங்கக் கலர் வானத்துல தங்கக் கலர் எழுத்து. ஆறு மணி மட்டுந்தான் தெரியுது."

ராத்திரி முழுக்கக் கடலில் இருந்துவிட்டு வந்த அண்ணாச்சி ஒருவர் போனில் போஸ்டரை உற்றுப் பார்த்தார். "தம்பி, வண்டிக்குக் கீழ நிழலே இல்லிய. அந்தரத்துலயா நிக்கி?"

ஆறு பேரும் சிரித்தார்கள். ஜெனி சிரிக்கவில்லை. அடுப்பைப் பற்றவைத்தாள். அவர்கள் கொண்டுவந்த மீனையே பொரித்துக் கொடுத்தாள்.

நான் அங்கேயே லேப்டாப்பைத் திறந்தேன். சூரியனுக்கு முதல் டெலிட். வெளிச்சத்தை ரோட்டுப் பக்கமிருந்து, அதாவது மேற்கிலிருந்து, வண்டியின் முகத்தில் அடித்தேன். நிழலைக் கடல் பக்கமாக நீட்டினேன் — வண்டி தரைக்கு வந்தது. பின்னால் கடலைக் கொஞ்சம் மங்கலாக்கி நீலத்தில் தள்ளியதும், வண்டி இரண்டடி முன்னால் வந்து நின்றது. எழுத்துக்குப் போட்ட மினுமினுப்பு, பார்டர், எல்லாம் காலி. வானத்தை இருட்டாக்கி, அதில் வெறும் வெள்ளையில், கடைப் பெயரைவிடப் பெரிதாக: மாலை 6 மணி.

மூன்று மணிக்கு ஃபிளெக்ஸ் ஏறியது. ஆறு மணிக்கு... வரிசை! காலையில் வந்த ஆறு பேரும் மறுபடி வந்தார்கள், இந்த முறை குடும்பத்தோடு. ஜெனிக்கு நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. "ஏலே, சும்மா நிக்காத, தட்டு எடு!" என்றாள். அவளுடைய நன்றி அப்படித்தான் இருக்கும்.

என்னுடையது அந்த ஆறு பேருக்கு. லைக் போட்ட நாற்பது பேரில் ஒருவர்கூட ஒரு குறை சொன்னாரா?

டிசைனர்களே, போஸ்டரை முதலில் பசியோடு இருப்பவரிடம் காட்டுங்கள். அவர்தான் முழுசாகப் பார்ப்பார்!