முகம் அசையாத வாரங்கள்

வயிற்றோட்டம் வந்து சுகமாகிப் பத்து நாளிருக்கும். ஒருநாள் காலை, நான் இருக்கும் மல்வேர்னில் பஸ்ஸில் ஏறப்போனேன். வலது கால் படிக்கு உயரவில்லை. முதல் நாளே இரண்டு பாதங்களும் விறைத்து மரத்திருந்தன. குளிரால் இருக்கும் என்று விட்டிருந்தேன். விழுந்துகிடந்த என்னைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு சாரதி அம்புலன்சை அழைத்தார். பின்னேரத்துக்குள் தொடைவரை பலம் போய்விட்டது. மறுநாள் கைகள்.

அவசரத்துக்கு யாருக்கு அறிவிப்பது என்று ஆஸ்பத்திரியில் தாதி கேட்டார். பக்கத்து ஊரான அஜக்ஸில் இருக்கும் மகளின் போன் இலக்கத்தைச் சொல்லுமுன் கொஞ்சம் தயங்கினேன். மனைவி இறந்த பிறகு தன்னோடு வந்திருக்கச் சொல்லி அவள் கேட்டாள். நான் மறுத்தேன். அதன்பின் ஆறு மாதமாக எங்களுக்குள் பேச்சு குறைவு.

நரம்பு வைத்தியர் இங்கேயே பிறந்த தமிழ்ப்பெண். சின்னச் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் உதறவில்லை.

"உதுக்கு பிரெயினைக் கேக்கத் தேவையில்லை, அங்கிள். தட்டினது முதுகெலும்புக்குள்ளை இருக்கிற ஸ்பைனல் கோட்டுக்குப் போய், அங்கயிருந்தே திரும்பி வரும். உங்களுக்கு வரேல்லை."

"அப்ப என்ரை மூளை பழுதோ?"

"இல்லை, பிரெயினும் ஓகே, ஸ்பைனல் கோட்டும் ஓகே. வெளியிலை கை காலுக்குப் போற நரம்புகளுக்கு மேலை ஒரு உறை இருக்கு. வயித்தோட்டக் கிருமியை அடிக்க வெளிக்கிட்ட உங்கடை உடம்பு, ஆள் மாறி அந்த உறையை அடிச்சுப்போட்டுது. உறை இல்லாட்டி செய்தி மெல்லப் போகும், சிலவேளை வழியிலேயே நிண்டிடும்."

பிறகு மணிக்கட்டில் மின்சாரத்தால் சுண்டி, விரல் துடிக்க எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார்கள். திரையில் ஓடிய கோடு சோம்பலாக எழுந்து விழுந்தது. விரலை மடக்கு என்று நான் உள்ளே கத்திக்கொண்டிருந்தேன். விரல் சும்மா கிடந்தது.

ஐந்து நாள் மருந்து ஏற்றினார்கள். அதற்கிடையில் முகமும் விழுந்துவிட்டது. கண்கள் முழுதாக மூடவில்லை. உதடுகள் ஒட்டாததால் 'ப'வும் 'ம'வும் வரவில்லை. மகளை நான் 'பிள்ளை' என்றுதான் கூப்பிடுவேன். அது 'இள்ளை' என்று வந்தது. வெட்கத்தில் பேசுவதையே விட்டுவிட்டேன்.

அவள் வேலை முடிந்து ஒவ்வொரு நாளும் வந்தாள். 401 நெடுஞ்சாலையில் நெரிசல் என்றாள், சூப் கொண்டுவந்தேன் என்றாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கையைப் பிடித்திருந்தாள். அது கண்ணுக்குத் தெரிந்தது, தோலுக்குத் தெரியவில்லை. முகம் விழுந்த நாலாம் நாள் கதிரையைப் பின்னால் தள்ளி எழுந்தாள்.

"அப்பா, இன்னும் என்னோடை கோவமே? ஒரு சிரிப்புக்கூட இல்லை. நான் வாறது விருப்பமில்லாட்டிச் சொல்லுங்கோ."

வராத எழுத்துகளோடு சொன்னேன், முகம் என் சொல்லைக் கேட்பதில்லை என்று. இரண்டு தடவை சொன்ன பிறகுதான் அவளுக்கு விளங்கியது. திரும்பவும் உட்கார்ந்து, என் தோளில் நெற்றியை வைத்து அழுதாள். தோளில் உணர்ச்சி இருந்தது. அந்தச் சூட்டை நான் நன்றாக உணர்ந்தேன்.

சிரிப்பு ஐந்தாவது வாரம், ஒரு முற்பகலில் வந்தது. அறையில் நிலம் துடைத்துக்கொண்டிருந்த பெண்மணி மட்டும்தான் இருந்தார். வாயின் இடது ஓரம் தானாக இழுபட்டது. அவர் துடைப்பதை நிறுத்தி, தன் வாயோரத்தைத் தொட்டுக் காட்டித் தலையாட்டினார். மகள் அப்போது வேலையில் இருந்தாள்.

இப்போது பொல்லை ஊன்றி நடக்கிறேன். மூன்று மாதம் அஜக்ஸில் இருந்துவிட்டு என் வீட்டுக்கே திரும்பிவிட்டேன். அவள் தினமும் எனக்குப் போன் எடுக்கிறாள். கால்விரல்கள் மட்டும் இன்னும் விறைப்புத்தான். குளிக்குமுன் தண்ணீரின் சூட்டை முழங்கையால் பார்க்கிறேன். வேறு ஆளை விட்டுப் பார்க்கச் சொல்ல வீட்டில் யாருமில்லை.