அப்டேட்டுக்குப் பிறகு காணாமல் போன கல்யாணம்

சௌதா அந்தப் பொத்தானை அமுக்கியது கெட்ட எண்ணத்தில் அல்ல. சாயந்திரம் தொடர் பார்க்க உட்கார்ந்தவரின் முகத்துக்கு நேரே டிவியில் ஒரு கட்டம் வந்து மறித்துக்கொண்டது. புதிய அப்டேட் வந்திருக்கிறது, இப்போது ஏற்றவா, பிறகு ஏற்றவா என்று கேட்டது. கதையில் மருமகள் பிடிபடுகிற நேரம். இது என்னடா தொல்லை என்று ரிமோட்டின் நடுப் பொத்தானை ஓர் அழுத்து அழுத்தினார். மீடியா பிளேயர் பெட்டி அணைந்தது, எரிந்தது, மறுபடி அணைந்தது. படம் திரும்பி வருவதற்குள் மருமகள் பிடிபட்டுத் தப்பியும் விட்டாள்.

மறுநாள் காலையில் வெங்கடேஸ்வரி வந்து ரிமோட்டைக் கையில் எடுத்தபோது அவளுடைய கல்யாணம் அந்தப் பெட்டியில் இல்லை.

வெங்கடேஸ்வரி இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணியை மடித்து உறையிலிடும் யூனிட்டில் வேலை பார்த்தவள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். ஆனால் தெருமுனைப் படிப்பகத்துக்கு வந்த பத்திரிகை எதையும் படிக்காமல் விட்டவள் இல்லை. அந்த யூனிட்டில் சூப்பர்வைசராக இருந்த விக்னேஸ்வரனும் அவளும் விரும்பினார்கள். சாதி வேறு. யூனிட் முதலாளி அவனுடைய சித்தப்பா. அதனால் யாருக்கும் சொல்லாமல், மில் தொழிலாளர் சங்கத்தில் இருந்த நேசையன் தலைமையில், படிப்பகத்து மாடியில் மாலை மாற்றிக்கொண்டார்கள். புரோகிதர் இல்லை, நெருப்பு இல்லை, தாலி இல்லை. அப்படி நடப்பதும் கல்யாணம்தான் என்று தமிழ்நாட்டில் சட்டம் ஒத்துக்கொண்டு அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. சட்டத்துக்குப் பின்னால் ஊர் நொண்டிக்கொண்டுதான் வருகிறது.

பதிவு செய்துவிடலாம் என்று அவள் கேட்டபோதெல்லாம் அடுத்த மாதம் என்றான். ஒரு நாள் அம்மா சீனியம்மாளைப் பார்த்துவிட்டு வருவதாகப் போனவன் வரவே இல்லை. தேடிப்போனால், “பழகினது வாஸ்தவம், கல்யாணம்னு ஒண்ணும் நடக்கல” என்று வாசலில் நின்றே சொன்னான். அவனுடைய தம்பி அவள் போனைப் பிடுங்கிக் கல்லில் அடித்தான். புகார் கொடுக்கப் போன இடத்தில், “தாலி எங்கம்மா? தாலி கட்டாம என்ன கல்யாணம்?” என்றார்கள். நேசையன் போன வருஷம் இறந்துவிட்டார். சாட்சியாகக் கூட நின்ற இரண்டு பேருக்கும் அதே யூனிட்டில்தான் சோறு; அவர்களுக்குத் திடீரென்று எதுவுமே ஞாபகம் இல்லை.

மிச்சம் இருந்தது ஷிஃபா எடுத்த வீடியோ. ஷிஃபா அவளோடு ஒரே மேசையில் பேண்டேஜ் மடித்தவள், சௌதாவின் மருமகள். தன் போனில் எடுத்ததைச் சம்மந்தபுரத்தில் இருந்த தன் வீட்டுப் பெட்டியில் ஏற்றி வைத்திருந்தாள். அந்தப் போன் பிறகு பழுதாகித் தூர எறியப்பட்டது. பெட்டியில் இடம் போதவில்லை என்று ஷிஃபாவின் கணவன் ஆபித் பின்பக்கம் ஒரு பென் டிரைவைச் செருகி, அதைப் பெட்டியின் சொந்த நினைவகமாகவே மாற்றியிருந்தான். வீடியோ இருந்தது அதில்தான்.

வரும் வெள்ளிக்கிழமை விக்னேஸ்வரனுக்கு வேறொரு பெண்ணோடு கல்யாணம். தடை கேட்டுப் போட்ட மனு, அவள் ரிமோட்டை எடுத்த இந்த நாளிலேயே மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் விசாரணைக்கு வருகிறது. வக்கீல் ஷீனா ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார்: அந்த வீடியோ.

“மாமி, இதுல எம்பேர் போட்டு ஒரு ஃபோல்டர் இருந்துச்சே, எங்க?” தோழியின் மாமியாரை வெங்கடேஸ்வரியும் மாமி என்றுதான் கூப்பிடுவாள்.

“நான் என்னத்தட்டி கண்டேன்? நேத்து என்னமோ கேட்டுச்சு, அமுக்குனேன். அதுலருந்து எழுத்தெல்லாம் இங்கிலீசா வருது.”

ஆபித் பென் டிரைவைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டான். தென்காசி ரோட்டில் சாதிக் பாட்சாவின் கம்ப்யூட்டர் கடைக்கு அவனும் வெங்கடேஸ்வரியும் பைக்கில் போனார்கள். சாதிக் பாட்சா செருகிப் பார்த்தார். திரையில் ஒரு கேள்வி வந்தது.

“இதைப் படிக்க முடியலயாம். ஃபார்மேட் பண்ணாத்தான் ஆகுமாம். பண்ணிரவா?”

“பண்ணா உள்ள இருக்கது?”

“உள்ள ஒண்ணும் இல்லன்னுதான காட்டுது.”

அவர் விரல் மௌஸின் மேல் இருந்தது. வெங்கடேஸ்வரி தன் உள்ளங்கையை அந்த விரலின் மேல் வைத்து அமுக்கிக்கொண்டாள். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“வேண்டாம் பாய். எடுத்துக் கொடுத்துருங்க.”

வீட்டுக்கு வந்து பென் டிரைவை மறுபடி பெட்டியில் செருகினார்கள். சௌதாவின் பழைய படங்கள் வந்தன. ஷிஃபாவின் மகள் அல்ஃபியாவின் பிறந்தநாள் வந்தது. கல்யாணம் மட்டும் வரவில்லை. அடுத்த வீட்டு வெள்ளத்தாய் வாசலிலிருந்தே எட்டிப் பார்த்து, “நேரம் சரியில்லட்டி ஒனக்கு. அய்யனார் கோவிலுக்கு ஒரு தேங்கா நேர்ந்துக்கோ” என்றாள்.

“அப்டேட் போட்டது அய்யனாராக்கா? அவரு அங்க அருவிக்கரையில நிம்மதியா இருக்காரு, அவர எதுக்கு இழுக்கீக” என்றாள் வெங்கடேஸ்வரி.

ஆபித் கம்பெனி உதவி எண்ணுக்குப் போன் போட்டிருந்தான். பாட்டு, காத்திருப்பு, மறுபடி பாட்டு. ஒருவழியாக ஒரு பெண் பேசினாள். போனைக் காதிலிருந்து எடுக்காமலே ரிமோட்டை எடுத்துச் செட்டிங்கில் இறங்கினான்.

“என்ன சொல்லுதாங்க?” என்றாள் வெங்கடேஸ்வரி.

“ரீசெட் பண்ணச் சொல்லுதாவ. பெட்டியை வாங்குன அன்னைக்கு இருந்த மாதிரி ஆக்கிட்டா எல்லாம் சரியாயிருமாம்.”

வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரி. வாங்கின அன்று அதில் எதுவுமே இல்லையே! அவள் பாய்ந்து ரிமோட்டைப் பறித்தாள். பறித்த வேகத்தில் அதன் பின்மூடி கழன்று பேட்டரி தரையில் உருண்டது.

போன வாரம் விக்னேஸ்வரனின் சித்தப்பா இந்த வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போனதை அவள் அறிவாள். ஆபித் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். ஏற்றுவது அந்த யூனிட்டின் பேண்டேஜ் பெட்டிகளைத்தான். ‘நமக்குள்ள எதுக்கு வீண் பகை’ என்று அவர் சொன்னதாக ஷிஃபாவே சொல்லியிருந்தாள். இத்தனை நாள் நெஞ்சின் ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்தது இப்போது வாய்க்கு வந்துவிட்டது.

“அழிச்சிட்டீங்களாண்ணே? அவரு சொல்லி அழிச்சிட்டு, இப்ப தடயம் இல்லாம ரீசெட்டும் போடப் பாக்கீகளா?”

ஆபித் போனை அணைத்தான். முகம் கறுத்துவிட்டது. சௌதாதான் எழுந்து வந்தார்.

“ஏட்டி, நாக்கை அளந்து பேசு. அந்த மனுசன் இந்த நாக்காலில உக்காந்து, ‘அந்த வீடியோவை அழிச்சிருங்க, ஒங்க மகனுக்கு வருசம் முழுக்க லோடு’ன்னான். டீயைக் குடிச்சிட்டு எந்திரிங்கன்னுட்டேன் நான். இவன் அன்னையிலருந்து பாதி நாளு சும்மா நிக்கான், தெரியுமா ஒனக்கு? நான் அமுக்குனது என் தப்பு. ஒன்னைய ஏமாத்துனேன்னு சொன்னா, இந்த வீட்டுல ஒனக்குத் தண்ணி கிடையாது.”

அல்ஃபியா உருண்ட பேட்டரியைத் தேடிக் கட்டிலுக்கு அடியில் போனாள்.

வெங்கடேஸ்வரி தரையில் உட்கார்ந்தாள். அநியாயம் செய்தவன் அங்கே மாப்பிள்ளை அழைப்புக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறான். அந்த அநியாயத்தைச் சுமக்கிறவர்கள் இங்கே ஒருவர் குரல்வளையை ஒருவர் பிடிக்கிறார்கள். எப்போதும் இப்படித்தான் நடக்கிறது, அதனால்தான் அவர்கள் ஜெயிக்கிறார்கள் என்று அவளுக்குப் பட்டது.

“மன்னிச்சிருங்க மாமி” என்றாள். “அண்ணே, நீங்களும். செத்த நேரம் யாரும் எதையும் அமுக்க வேண்டாம். யோசிப்போம்.”

அவள் சத்தமாகவே யோசித்தாள். டிரைவ் கெட்டிருந்தால் எல்லாமே போயிருக்க வேண்டும். மாமியின் படம் இருக்கிறது, பிறந்தநாள் இருக்கிறது. ஆகவே டிரைவ் கெடவில்லை. கடைக்காரர் கம்ப்யூட்டரால் படிக்க முடியாததற்குக் காரணம், அது இந்தப் பெட்டிக்கு மட்டும் சொந்தமாக்கப்பட்டது. அப்படியென்றால் அவள் ஃபோல்டரில் மட்டும் மற்றவற்றில் இல்லாத ஏதோ ஒன்று இருக்க வேண்டும்.

“ஷிஃபா, என்னுதுல மட்டும் என்னட்டி வேற மாதிரி?”

அடுப்படி நிலையில் சாய்ந்து நின்ற ஷிஃபா நிமிர்ந்தாள்.

“நீதான மறைக்கச் சொன்ன! வெள்ளத்தாயக்கா எல்லாம் டிவி பாக்க வருவாவ, ஊரு பூரா தெரிஞ்சிரும்னு. மறைச்சுத்தான் வச்சேன்.”

“மறைச்சா எப்படி இம்புட்டு நாளும் தெரிஞ்சுச்சு?”

“நாம பாக்கணும்ல? மறைச்சதையும் காட்டுன்னு செட்டிங்ல போட்டேன். பொறவு அதை மாத்த மறந்துட்டேன்.”

சௌதா சொன்னது வெங்கடேஸ்வரிக்கு அப்போதுதான் உறைத்தது. தமிழில் இருந்த எழுத்து நேற்றிலிருந்து இங்கிலீஷில் வருகிறது. அப்டேட் இவர்கள் மாற்றி வைத்ததையெல்லாம் பழையபடி திருப்பியிருக்கிறது. மொழியைத் திருப்பியதென்றால் அதையும் திருப்பியிருக்கும்.

பேட்டரியைப் போட்டு, ஷிஃபா ஒவ்வொரு வரியாக வாசிக்க, ஆபித் கீழே கீழே இறங்கினான். ‘மறைத்த கோப்புகளைக் காட்டு’ என்பதற்கு இங்கிலீஷில் ஒரு வரி இருந்தது. அதன் பக்கத்துக் கட்டம் காலியாக இருந்தது.

“அமுக்கவா?” என்று அவளைக் கேட்டான். இந்தத் தடவை கேட்டுத்தான் அமுக்கினான்.

வந்துவிட்டது. சிறிய சதுரத்தில் இரண்டு ரோஜா மாலைகள். ஷிஃபா கத்தியே விட்டாள். திறந்தார்கள். படிப்பக மாடி, நேசையனின் வெள்ளைச் சட்டை, கூச்சத்தோடு சிரிக்கும் விக்னேஸ்வரன். அவன் வாய் அசைந்தது.

சத்தம் இல்லை.

டிவியின் சத்தத்தை ஏற்றினாள். உச்சிக்கே போயிற்று. ஊமைப்படம். அன்று அவர்கள் மாலை மாற்றியதோடு நிற்கவில்லை. சட்டம் கேட்கிற வார்த்தைகளை நேசையன் சொல்லிக்கொடுத்து இரண்டு பேரும் சொன்னார்கள். அந்த வார்த்தைகள்தான் கல்யாணம். அவை இல்லாவிட்டால், நாடகத்துக்கு மாலை போட்டோம் என்று அவன் சொல்லிவிட்டுப் போய்விடுவான்.

“நேத்து தொடருக்குச் சத்தம் நல்லாத்தான வந்துச்சு” என்றார் சௌதா.

“அது நெட்டுல வந்தது மாமி. டிரைவ்ல இருக்கதப் போட்டுப் பாருங்க” என்றாள் வெங்கடேஸ்வரி.

பிறந்தநாளைப் போட்டார்கள். அல்ஃபியா ஊமையாகக் கேக் வெட்டினாள். வெங்கடேஸ்வரிக்கு மூச்சு வந்தது. எல்லா வீடியோவுக்கும் சத்தம் இல்லையென்றால், அவளுடைய வீடியோவில் பழுது இல்லை. இதுவும் செட்டிங்தான்.

டிரைவில் இருக்கும் வீடியோக்களின் சத்தத்தை மட்டும் வெளியே தனி ஸ்பீக்கர் பெட்டிக்கு அனுப்பும்படி மாறியிருந்தது. “நம்ம வீட்டுல அதுக்கெல்லாம் எங்க போக?” என்று முனகிக்கொண்டே ஆபித் மாற்றினான். டிவியின் சத்தம் உச்சியில் இருந்ததை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

“விக்னேஸ்வரனாகிய நான், வெங்கடேஸ்வரியை என் வாழ்க்கைத் துணைவியாக ஏற்றுக்கொள்கிறேன்!”

தெருவே கேட்டது. வாசலில் வெள்ளத்தாய் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சத்தத்தைக் குறைக்கப் போன ஷிஃபாவின் கையை வெங்கடேஸ்வரி தடுத்தாள்.

ஷீனாவுக்குப் போன் போனது. “காப்பி ஒண்ணு எடு. அதோட அந்தப் பெட்டி, டிரைவ், ரிமோட் எல்லாத்தையும் அப்படியே கொண்டு வா. மூலம் எங்கன்னு கேப்பாங்க” என்றார் அவர். இன்னொரு பென் டிரைவில் காப்பி ஏறும்வரை ஒருவரும் பெட்டிக்குப் பக்கத்தில்கூட நடக்கவில்லை. மின்சாரம் போய்விடக் கூடாதே என்று சௌதா மிக்சியைக்கூட நிறுத்தச் சொன்னார்.

பெட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வெங்கடேஸ்வரி லோடு ஆட்டோவின் முன்னால் உட்கார்ந்தாள். பஞ்சு மார்க்கெட் தாண்டும்போது ஆபித்தின் போன் அடித்தது. யூனிட்டிலிருந்து. அவன் எடுக்கவில்லை. மடவார்வளாகம் வருவதற்குள் அது திரும்பத் திரும்ப அடித்து ஓய்ந்தது.

“போச்சாண்ணே லோடு?”

“ஊர்ல ஒரே ஒரு யூனிட்டா இருக்கு? நீ பெட்டியைக் கெட்டியாப் பிடி.”

நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல், செல்போன் படத்தையெல்லாம் கல்யாணம் என்று நம்புவதா என்றார். ஷீனா சட்டப்பிரிவை வாசித்தார், பெட்டியைக் காட்டினார், தன் மடிக்கணினியில் காப்பியை ஓடவிட்டார். விக்னேஸ்வரனின் குரல் அந்த அறையில் கேட்டபோது விக்னேஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டான். மறு உத்தரவு வரும்வரை அவன் வேறு கல்யாணம் செய்யக் கூடாது என்று நீதிபதி சொன்னார்.

வெளியே வராந்தாவில் சீனியம்மாள் வழியை மறித்தாள். “எங்குடும்ப மானத்த வாங்கிட்டியேட்டி. இப்ப என்ன, எம்மவன் ஒங்கூட வந்து குடும்பம் நடத்தணும், அம்புட்டுத்தான?”

விக்னேஸ்வரன் பக்கத்தில் வந்தான். “வெங்கடேசு, வா. தனியா பேசிக்குவோம். நான் ஒன்னைய வச்சுப் பாத்துக்கிடுதேன்.”

“ஒங்கூட வாழவா இம்புட்டு பாடுபட்டேன்? விவாகரத்து நானே கேக்கப்போறேன். கல்யாணம் நடந்தாத்தான விவாகரத்து? நடக்கலன்னு சொன்னீல்ல, அந்த வாயால நடந்துச்சுன்னு சொல்லு.”

அவன் அம்மாவைப் பார்த்தான்.

“அங்க என்ன பார்வை? என்னையப் பாத்துச் சொல்லு.”

வராந்தாவில் வாய்தாவுக்கு வந்திருந்தவர்கள், வக்கீல் குமாஸ்தாக்கள், பெஞ்சில் இருந்த போலீஸ்காரர் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

“நடந்துச்சு” என்றான், உதட்டுக்குள்.

“கேக்கல.”

“நடந்துச்சு! நமக்குக் கல்யாணம் நடந்துச்சு, போதுமா?”

“போதும்” என்றாள் வெங்கடேஸ்வரி. பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஷீனாவின் பின்னால் படியிறங்கிப் போனாள்.