வலிக்காத முள்

வெடிச்சத்தம் கேட்டால் எங்கள் தெருப் பெண்களுக்குக் கை தானாகப் போனுக்குப் போகும். அவரவர் வீட்டு ஆளின் குரலைக் கேட்ட பிறகுதான் அடுப்பில் என்ன கருகுகிறது என்று பார்ப்போம். கல்யாணமான நாளிலிருந்து எனக்கும் அந்தப் பயம்தான். வேறு பக்கமிருந்து பயம் வரும் என்று நினைத்ததே இல்லை.

என் வீட்டுக்காரர் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறையில் வேலை பார்க்கிறார். அங்கே செருப்புக்கு அனுமதி இல்லை, வெறுங்காலோடுதான் நிற்க வேண்டும். தரையில் கிடக்கும் மணல் காலடியில் மருந்தோடு உரசினாலே போதும், அறையே போய்விடும். "ஒரு பொடிக் கல்லு கிடந்தாலும் என் காலு காட்டிக் குடுத்துரும்" என்று பெருமையடிப்பார். கண்ணைவிடக் காலைத்தான் நம்பினார்.

போன சீசனில் ஆள் இளைத்துக்கொண்டே வந்தார். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். கேட்டால் மருந்துத் தூசி என்பார். இங்கே ஆம்பளைகளுக்கு எந்தக் கோளாறு வந்தாலும் அந்த ஒரே காரணம்தான். வைத்தியமும் ஒன்றுதான், தூசி இறங்க வாழைப்பழமும் கருப்பட்டியும். இவர் சீப்புச் சீப்பாக வாங்கிவந்து தின்றார். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றால், "தீவாளி முடியட்டும், லோடு நிக்கிது" என்பார். தீபாவளி முடிந்தால் திருவிழா ஆர்டர். தூக்கிக்கொண்டு போனால்தான் ஆஸ்பத்திரி என்று இந்த ஊர் ஆண்கள் பேசிவைத்திருக்கிறார்கள் போல.

ஒரு சாயங்காலம் வேலை விட்டு வந்தவர், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அடுப்படிக்கு வந்து தண்ணீர்ச் செம்பை எடுத்தார். அவருக்குப் பின்னால் வாசல் வரைக்கும் ரத்தக் கால்தடம்.

"ஏங்க, கால்ல என்னங்க?"

"எங்கன?"

குனிந்து பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். கருவேல முள் செருப்பைத் துளைத்து ஏறி, குதிகாலில் ஒடிந்து நின்றது. பிடுங்கினேன். முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை, தண்ணீரைக் குடித்துக்கொண்டே நின்றார். வலித்துக் கத்தியிருந்தால் திட்டிக்கொண்டே மஞ்சள் வைத்திருப்பேன். அந்த மனுஷன் பேசாமல் நின்றதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"முள்ளு ஏறுனது தெரியாத காலுக்கு மணலு தெரியுமாக்கும்? உங்க ரூமுல இன்னொருத்தரும் நிக்காக. அவுக பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்லப் போறீக?"

செம்பைக் கீழே வைத்தார். அதுவரை உறைக்காதது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மறுநாள் டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, சர்க்கரை ஏகத்துக்கு இருக்கிறது என்றார். வாழைப்பழத்தையும் கருப்பட்டியையும் நான் சொல்லச் சொல்ல இவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். அறை வேலையைப் பற்றியும் சொன்னேன். பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்காமல் அங்கே அனுப்ப முடியாது என்றார் டாக்டர். படுக்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்தார். தொடும்போது சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

கட்டைவிரலைத் தொட்டார். இவர் பேசவில்லை. குதிகாலைத் தொட்டார். பேசவில்லை. மூடின இமைகள் துடித்தன. சொல்லித் தொலையேன் மனுஷா என்று எனக்குள்ளே கத்தினேன். டாக்டர் இழையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தெரியுது சார்," என்றார் என் வீட்டுக்காரர், கண்ணைத் திறக்காமலே. "இப்பத் தெரியுது."