மூன்றாம் வகை வாக்கியம் வேண்டாம்

ஓர் ஊழியர் மேலிடத்துக்கு எழுதும் எந்தக் கடிதமும் அவருடைய நேர் அதிகாரி வழியாகவே போக வேண்டும். அப்படி வந்த கடிதத்தை அந்த அதிகாரி தன்னிடமே வைத்துக்கொள்ளக் கூடாது. தன் குறிப்பை எழுதி மேலே அனுப்பியாக வேண்டும். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் ஒரு நினைவூட்டு. அதற்கும் பதில் இல்லையென்றால் இரண்டாம் நினைவூட்டு. பாசனப் பிரிவு அலுவலகங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் குப்பை கொட்டிவிட்டுக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். இந்த விதிகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சொல்லப்போகும் சம்பவத்துக்கும் இவை பொருந்தியிருக்க வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கோடியக்கரைப் பக்கம் ஒரு கடலோர ஊர். என் கடைசிப் பணியிடம். சொந்த ஊர் கும்பகோணம் என்றாலும், இன்னொரு தடவை சாமான் கட்ட முடியாது என்று என் மனைவி சொல்லிவிட்டதால் அங்கேயே தங்கிவிட்டோம். வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருந்த காலம் அது. மிச்சம் இருந்தவர்கள் பாஸ்போர்ட்டுக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். எஸ்.டி.டி. பூத்தும் ஜெராக்ஸ் கடையும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பும் தெருவுக்குத் தெரு முளைத்தன. நானும் ஒரு நெல் மண்டியின் மாடியில் வகுப்பு நடத்தினேன். பலகையில் பேச்சு ஆங்கிலம் என்று எழுதியிருந்தாலும் நான் சொல்லிக்கொடுத்தது இலக்கணம்தான். பேச்சை அவரவரே பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

காலை பதினொரு மணி வகுப்பு பெண்களுக்கு. அதில் ஜெராக்ஸ் கடை நடத்திய ஒரு பெண்மணி இருந்தார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். எதற்காக ஆங்கிலம் என்று முதல் நாள் எல்லோரிடமும் கேட்டபோது அவர் சொன்ன காரணம் எனக்குப் பிடித்திருந்தது.

"அஞ்சு வருஷமா ஊருக்கே இங்கிலீஷ் பேப்பரைக் காப்பி எடுத்துத் தர்றேன் சார். மெஷினுக்கும் எனக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல. ரெண்டு பேருக்கும் உள்ள என்ன எழுதியிருக்குன்னு தெரியாது."

ஜூன் மாதக் கடைசியில் நிபந்தனை வாக்கியங்களுக்கு வந்தோம். ஆங்கிலத்தில் அவை முக்கியமாக மூன்று வகை. முதலாவது, நடக்கக்கூடியது: மழை பெய்தால் வாய்க்காலில் தண்ணீர் வரும். இரண்டாவது, கற்பனை: நான் கலெக்டராக இருந்தால் இந்தத் தெருவுக்குச் சாலை போடுவேன். மூன்றாவது, கை மீறிப் போனது. அதைப் பிறகு பார்க்கலாம் என்றேன். மீன் ஏலக் கடைக்காரரின் மனைவி பின் வரிசையிலிருந்து சொன்னார், "சார் கலெக்டரா இருந்தா ரோடு எங்க போடுவாரு? மனுவை மொதல்ல தாசில்தார் வழியா அனுப்புங்கம்மான்னு திருப்பி விட்டுருவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

வகுப்பு முடிந்ததும் ஜெராக்ஸ் கடைப் பெண்மணி மட்டும் நின்றார். கையில் ஒரு காகிதம். சென்னையில் ஒரு மருத்துவமனையில் கொடுத்த சம்மதப் படிவத்தின் நகல். மூன்று வயது மகளுக்கு இதயத்தில் ஓட்டை. செப்டம்பர் கடைசியில் அறுவை சிகிச்சை என்று தேதி கொடுத்திருந்தார்கள். 'எதிர்பாராத சிக்கல் ஏதேனும் நேருமாயின்' என்று பொருள்படும் ஓர் ஆங்கில வரியில் அவருடைய விரல் இருந்தது. அதைத் தமிழில் படித்துச் சொன்னேன்.

"நேருமாயின்னா, நேரும்னு சொல்றாங்களா சார், நேராதுன்னு சொல்றாங்களா?"

"நேர வாய்ப்புக் குறைவு. ஒருவேளை நேர்ந்தால் என்று அர்த்தம்."

"எவ்வளவு குறைவு?"

அது இலக்கணத்தில் இல்லை என்றேன்.

அவருடைய கணவர் வளைகுடாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் ஏ.சி. மெக்கானிக். அவர் விமானம் ஏறியபோது இந்தக் குழந்தை வயிற்றில் இருந்தது. இரண்டு ஆண்டு முடிந்தால் இரண்டு மாத விடுப்பு என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. மூன்றரை ஆண்டு ஆகியும் விடவில்லை. பாஸ்போர்ட் நிறுவனத்தின் கையில். கேட்கும்போதெல்லாம் தொழிலாளர் முகாமின் பொறுப்பாளர், பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

"அவங்க இன்னும் பிள்ளை முகத்தை நேர்ல பாக்கல சார். போட்டோதான். நான் பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டு உள்ள அனுப்பிட்டு, ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சுன்னா? அதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது வாப்பா மடியில அது உக்காரணும்."

கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். முடியுமாவா? நான் பிறந்ததே அதற்குத்தான்.

இரண்டு நாளில் மூன்று பக்கம் எழுதினேன். பொருள், பார்வை, ஒப்பந்தத்தின் பிரிவு எண், இணைப்புகளின் பட்டியல், எல்லாம் முறைப்படி. 'விடுப்பு வழங்கப்படுமாயின் மனுதாரர் என்றென்றும் நன்றியுடையவராக இருப்பார்' என்று இரண்டாம் வகையில் முடித்தேன். பெறுநர், நிறுவனத்தின் பொது மேலாளர். அதற்கு மேலே, கோடிட்டு: முகாம் பொறுப்பாளர் வழியாக.

"இவருதானே சார் விட மாட்டேங்குறாரு?" என்றார் அந்தப் பெண்மணி.

"இருக்கட்டும். அவரைத் தாண்டி எழுதினால் மேலே இருப்பவர் முதல் வேலையாக அவரிடம்தான் விளக்கம் கேட்பார். கடிதம் திரும்பி இங்கேதான் வரும். வழியாகப் போனால் அவர் மறைக்க முடியாது, விதி இருக்கிறது."

"அந்த விதி அங்கயும் இருக்கா சார்?"

எங்கும் இருக்கும் என்றேன். மனைவி எழுதும் கடிதம் ஊழியரின் கடிதமாகுமா என்று எந்த விதிப் புத்தகத்திலும் கிடையாது. ஆகும் என்று நானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

வெளிநாட்டுத் தபால் என்பதால் பதினைந்து நாளோடு தாராளமாக ஐந்து நாள் சேர்த்துக் காத்திருந்தேன். பதில் இல்லை. முதல் கடிதத்தைப் பார்வையில் குறித்து நினைவூட்டு அனுப்பினேன். இன்னும் இருபது நாள். இரண்டாம் நினைவூட்டு. ஒவ்வொன்றுக்கும் மூன்று நகல். அவர் கடையிலேயே, அவர் கையாலேயே எடுத்தார். ஒவ்வொரு நகலையும் கோப்பில் வைக்கும்போது எனக்குப் பழைய தெம்பு வந்தது. அவர் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு சனிக்கிழமை, வகுப்புக்குக் கால் மணி முன்னதாகவே வந்துவிட்டார்.

"நேத்து வெள்ளிக்கிழமைல்ல சார், அவங்க போன் பண்ணுனாங்க. மூணு லெட்டரும் போய்ச் சேந்துருச்சாம். மூணும் அந்த ஆளு டிராயர்லதான் இருக்காம். மூணாவது வந்தப்ப அவங்களைக் கூப்பிட்டு, உங்க ஊர்ல எவனோ வேலை இல்லாத வக்கீல் இருக்கான் போலருக்கேன்னு சிரிச்சானாம்."

நான்காவதாக, பொது மேலாளரின் பெயரைப் போட்டே எழுதும் நேர்முகக் கடிதம் ஒன்று அனுப்பலாம், அதற்கும் ஒரு முறை இருக்கிறது என்று ஆரம்பித்தேன்.

"அதுவும் அவரு வழியாத்தானே சார் போகும்?"

ஆமாம் என்றேன்.

"அப்ப அந்த டிராயருக்குத்தானே போகும்?"

அந்த டிராயரை எனக்குத் தெரியும். அதைப் போல ஒன்று என் மேசையிலும் இருந்தது. வாய்க்கால் காவலுக்கு இருக்கும் ஊழியரை எங்கள் துறையில் லஸ்கர் என்போம். ஒரு லஸ்கர், மயிலாடுதுறை ஆஸ்பத்திரியில் தாயாரைச் சேர்த்துவிட்டு விடுப்புக்கு எழுதினார். பிரிவு அலுவலர் வழியாக வரவில்லை என்று ஒரு முறை திருப்பினேன். வழியாக வந்தபோது, சான்று இணைக்கவில்லை என்று இரண்டாம் முறை திருப்பினேன். மூன்றாம் முறை மனு வந்தபோது டிராயரில் போட்டேன், அந்த வாரம் தணிக்கை. நான்கு நாள் கழித்து அவரே மொட்டைத் தலையோடு வந்தார். "லீவு வேணாங்கய்யா" என்று சொல்லிவிட்டுப் போனார். மனுவில் 'தேவை எழவில்லை' என்று எழுதிக் கோப்பை முடித்தேன். விதிப்படி அதில் ஒரு பிழையும் கிடையாது.

இதை அந்தப் பெண்மணியிடம் நான் சொல்லவில்லை. மற்றவர்கள் வந்துவிட்டார்கள், வகுப்பைத் தொடங்கினேன். அன்றைக்குப் பாடம் மூன்றாம் வகை. ஜூனில் மேட்டூர் திறந்திருந்தால் குறுவை பிழைத்திருக்கும் என்று பலகையில் ஆங்கிலத்தில் எழுதினேன்.

"திறக்கலையே சார்," என்றார் மீன் ஏலக் கடைக்காரரின் மனைவி.

"அதனால்தான் இது மூன்றாம் வகை. நடக்காமல் போனதைப் பற்றி, நடந்திருந்தால் என்று பேசுவது."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். ஜெராக்ஸ் கடைப் பெண்மணி நோட்டை மூடிவிட்டார்.

"இந்த வகை எனக்கு வேணாம் சார். ரெண்டோட நிறுத்திக்கிறேன்."

முக்கியமான பாடம் அம்மா, என்றேன்.

"இருக்கட்டும் சார். இது எல்லாம் முடிஞ்சப்புறம் உக்காந்து பேசுற பேச்சு. இதை நான் பேசிடக் கூடாதுன்னுதான் ஓடிட்டு இருக்கேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வதைப் போலச் சொன்னார். அதன் பிறகு ஒரு வாரம் வகுப்புக்கு வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை வந்து ஒரு தாளை நீட்டினார். தலைமை அலுவலகத்தின் ஃபேக்ஸ் எண், ஒப்பந்தத் தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்திருக்கிறது. அதே தாளை நான் மூன்று முறை இணைப்பாக வைத்திருக்கிறேன். அந்த எண்ணுக்கு, தன் கடையின் ஃபேக்ஸ் இயந்திரத்திலிருந்து, போன செவ்வாய்க்கிழமை அவரே ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிவிட்டார். நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்ததை மட்டும் மறக்கவில்லை. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

'என் கணவர் இருபதாம் தேதிக்குள் வந்தால் நான் படிவத்தில் கையெழுத்துப் போடுவேன். அவர் வராவிட்டால் போட மாட்டேன். நான் போடாவிட்டால் டாக்டர் என் மகளுக்கு ஆபரேஷன் செய்ய மாட்டார். இது உங்கள் மகளாக இருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?'

பொருள் இல்லை. பார்வை இல்லை. யார் வழியாகவும் இல்லை. கணவரின் பெயர், ஊழியர் எண், தன் கடையின் ஃபேக்ஸ் எண். முதல் வகை மூன்று, இரண்டாம் வகை ஒன்று. நான் முதலில் கவனித்தது, ஓர் இடத்தில் விடுபட்டிருந்த ஆர்டிகிளை. அதைச் சொல்லவும் செய்தேன் என்பதை இங்கே மறைப்பதில் பயனில்லை.

"நிஜமாகவே கையெழுத்துப் போட மாட்டீர்களா?" என்றும் கேட்டேன்.

"போடாம எப்படி சார்? என் பிள்ளையாச்சே. அது எனக்குத் தெரியும். அவங்களுக்கு எதுக்குத் தெரியணும்?"

பிறகு இன்னொரு தாளை எடுத்துக் காட்டினார். ஃபேக்ஸில் வந்த இரண்டு வரி. அவரை அனுப்புகிறோம், விமான எண் இது, நாள் இது. பதினான்காம் தேதி.

அவர் வந்தார். குழந்தை முதல் இரண்டு நாள் அவரிடம் போகவில்லை என்றும், மூன்றாம் நாள் அவருடைய கைக்கடிகாரத்துக்காகப் போனது என்றும் அந்தப் பெண்மணி வகுப்பில் சொன்னார். படிவத்தில் இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள். சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. விடுப்பு தீர்ந்து, நவம்பர் மழையில் அவர் திரும்பிப் போனார்.

அந்த வகுப்பை இன்னும் சில ஆண்டுகள் நடத்தினேன். மூன்றாம் வகைக்கு உதாரணமாக எப்போதும் மேட்டூரைத்தான் எழுதினேன். பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் மனதில் வேறொரு வாக்கியம் ஓடும். அந்த விடுப்பை நான் அன்றே அனுப்பியிருந்தால் என்று தொடங்கும். அதன் பின்பாதியை இதுவரை எந்த மொழியிலும் நான் முடித்ததில்லை.

என் கடிதங்களுக்கும் பதில் வராமல் இல்லை. முகாம் பொறுப்பாளர் வழியாக, மூன்று கடிதங்களின் தேதிகளையும் பார்வையில் பிழையின்றிக் குறிப்பிட்டு, ஊழியர் உரிய வழியில் விண்ணப்பித்தால் விடுப்பு பரிசீலிக்கப்படும் என்று ஒரு முழுப் பக்கம். நானே எழுதியிருந்தாலும் ஒரு சொல் மாறியிருக்காது. அது வந்து சேர்ந்த நாள், மறு ஆண்டு பிப்ரவரி பதினேழு.