பூசக் கூட்டத்தில் இல்லாத நட்சத்திரங்கள்

அரிமளத்தில் ஸ்டுடியோ வைத்து கல்யாணம், காதுகுத்து எடுப்பது என் தொழில். நட்சத்திரக் கூட்டங்களைப் படம் பிடிப்பது பிறகு ஒட்டிக்கொண்ட பைத்தியம். ஒரு பங்குனியில் பூச நட்சத்திரக் கூட்டத்தை எடுத்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டு, பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தேன்.

சில நாளில் அறிவியல் டீச்சர் ரெஜினா போன் செய்தார்.

“அண்ணே, ஒங்க படத்த ஸ்டார் சார்ட்டோட வச்சுப் பாத்தோம். அதுல இல்லாத நட்சத்திரமெல்லாம் இதுல இருக்கு. புதுசா எதும் கண்டுபிடிச்சிட்டீங்களா?”

அவர் கேலி செய்யவில்லை. “இருக்கலாம் டீச்சர், பாத்துச் சொல்றேன்” என்றேன். சொல்லும்போதே நெஞ்சு நிமிர்ந்தது.

கம்ப்யூட்டரில் ஒரிஜினல் ஃபைல்களைத் திறந்தேன். டீச்சர் சொன்ன இடங்களில் சிவப்பும் பச்சையுமாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். சந்தேகத்தில் லென்ஸை மூடிவிட்டு, அதே எக்ஸ்போஷரில் வெறும் இருட்டை ஒரு ஷாட் எடுத்தேன். அதே இடங்களில் அதே புள்ளிகள்.

சென்சார் சூடானால் வரும் ஹாட் பிக்சல் அவை. வானத்தை எடுத்து முடித்ததும் இப்படி மூடி போட்டு டார்க் ஃப்ரேம் எடுத்து, படத்திலிருந்து கழிக்க வேண்டும். அன்று கொசுக்கடி தாங்காமல் கிளம்பிவிட்டேன். படத்தைத் துப்புரவாக்கும் சாஃப்ட்வேர் அந்தப் புள்ளிகளை வெள்ளையாக உருட்டி நட்சத்திரமாக்கிவிட்டது.

நேரில் சொல்லலாம் என்று போனேன். வகுப்பில் நுழைந்ததும் பிள்ளைகள் கை தட்டினார்கள். டீச்சர் அவர்களிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தார். கைதட்டல் அடங்கும்வரை நிற்க வேண்டியிருந்தது. பிறகு, அவை நட்சத்திரமே இல்லை என்று சொன்னேன்.

சத்தம் கேட்டு வந்து நின்ற தலைமையாசிரியர் சிரித்தார். “விடுங்க, யாருக்குத் தெரியப்போவுது? பாக்க நல்லாத்தானே இருக்கு, கெடக்கட்டும்.”

டீச்சர் சிரிக்கவில்லை. சுவரிலிருந்து படத்தை அவரே கழற்றினார்.

“தெரியலன்னாவது அன்னைக்கே சொல்லியிருக்கலாமேண்ணே” என்றார் மெதுவாக. படத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அதே கூட்டத்தை டார்க் ஃப்ரேமோடு மறுபடி படம் எடுத்து, பிரிண்ட் போட்டுக் கொண்டுபோனேன். மங்கலான படம். டீச்சர் ஒவ்வொரு நட்சத்திரத்தின் மேலும் விரல் வைத்துச் சரிபார்த்த பிறகுதான் மாட்டினார். முடியும்வரை ஓரமாக நின்றேன்.

வானத்தை எடுக்க வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: டார்க் ஃப்ரேம் எடுக்காமல் வீடு திரும்பாதீர்கள். யாராவது கேட்டால், தெரியாததைத் தெரியாது என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். கூச்சம் அதோடு போய்விடும். எனக்குப் போகவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்து ஆண்டுவிழாவுக்குக் கூப்பிட்டால் இப்போதும் வேறு ஆளைத்தான் அனுப்புகிறேன்.