பெரிய வெள்ளியில் போட்ட ஊசி

அன்று காலை என் அக்காவுக்கு இன்சுலின் ஊசி போட்டவள் நான். அவளே போட்டுக்கொண்டாள் என்று சொன்னவளும் நான்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. கணவரிடம் இல்லை, பாதரிடம் இல்லை, அக்காவிடம் இல்லவே இல்லை. முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன்... ஏன் உங்களிடம்? நீங்கள் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்து என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை, அதனால்தான். இதிலும் என் கோழைத்தனத்தைப் பாருங்கள்!

ரத்தோட்டையைத் தாண்டி ரிவர்ஸ்டனுக்கு ஏறும் பாதையில் இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். நான் அங்கே முன்பள்ளி ஆசிரியை. ரீட்டா டீச்சர் என்றால் எல்லோருக்கும் தெரியும். கோயிலில் வாசகம் வாசிப்பதும் நான்தான், யாருக்காவது சிங்களத்தில் கடிதம் வந்தால் படித்துச் சொல்வதும் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன... நிறையவே உண்டு!

என் அக்கா பிலோமினா அதே லய வரிசையில் எனக்கு அடுத்த காம்பராவில் இருக்கிறாள். அத்தான் இறந்துபோன பிறகு தையல் மெஷினை நம்பிப் பிழைத்தவள். ஒரே மகன் சேவியர் தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் வேலை செய்கிறான், மாதத்துக்கு ஒருமுறை வருவான். சீனி வருத்தம் மாத்திரைக்கு அடங்காமல் போய், பல வருடங்களாக அக்காவுக்குக் காலையிலும் மாலையிலும் ஊசி.

அந்த ஊசியை அவள் போட்டுக்கொள்ளும் அழகைச் சொல்ல வேண்டும். வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. ஈர மணல் நிரப்பிய மண்சட்டிக்குள் சின்னச் சட்டியொன்றை வைத்து, அதற்குள்தான் மருந்துக் குப்பியை வைப்பாள். எடுத்ததும் குலுக்க மாட்டாள். உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து, மருந்து ஒரே பால் நிறமாகும்வரை மெதுவாக உருட்டுவாள். சிரிஞ்சை வெளிச்சத்தில் பிடித்துக் காற்றுக்குமிழி இருக்கிறதா என்று பார்ப்பாள். நேற்று தொப்புளுக்கு வலப்பக்கம் என்றால் இன்று இடப்பக்கம். குத்திய பிறகும் அவசரப்பட்டு இழுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்துதான் எடுப்பாள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் சாப்பாடு தயாராக இருக்க வேண்டும். “தட்டுல சாப்பாடு இருந்தாத்தான் நான் ஊசிய தொடுவேன்” என்பாள். ஒருநாள் கூட அதை மீறியதில்லை.

நான் மீற வைத்தேன்.

பெரிய வியாழனுக்கு முதல் நாள் அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். சீனி கூடியிருந்தது. டொக்டர் ஏசினார். வெளியே வந்ததும் நர்ஸ் என்னைப் பார்த்து, “டீச்சர், நீங்க படிச்சவங்கதானே, ஊசிய ஒழுங்கா போடுறாங்களான்னு கொஞ்சம் பாத்துக்கங்க” என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். எனக்கோ அக்காவுக்கு மேலதிகாரியாக நியமனம் கிடைத்தது போல் ஆகிவிட்டது!

பெரிய வெள்ளி விடிந்தது. எங்கள் தோட்டத்தில் அன்று சிலுவைப்பாதை, மலையடிவாரத்திலிருந்து உச்சியிலுள்ள சிலுவைவரை பதினான்கு ஸ்தலங்களில் நின்று நின்று செபித்தபடி ஏறுவது. எல்லோரும் ஒருசந்தி, ஒரு வாய் கூடச் சாப்பிடாமல்தான் ஏறுவார்கள். முடிந்ததும் மேலேயே பெரிய அண்டாவில் கஞ்சி காய்ச்சி ஊற்றுவார்கள். நோயாளிகள் ஒருசந்தி இருக்கத் தேவையில்லை என்று பாதர் பூசையில் சொல்லத்தான் செய்தார். ஆனால் அக்கா வருடா வருடம் இருப்பவள். அதற்கென்று அவளுக்கு ஒரு வழி இருந்தது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

“இன்னைக்கு கஞ்சி குடிக்கிறதுக்கு முன்னுக்கு மேல வச்சே போட்டுக்குவேன் ரீட்டா. டொக்டர்ட்ட முந்தியே கேட்டு வச்சிருக்கேன். மருந்தையும் ஈரத்துணியில சுத்தியாச்சி” என்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கிளினிக்கில் ஏச்சு வாங்கி முழுதாக இரண்டு நாள் கூட ஆகவில்லை, அதற்குள் இவளுக்கு இஷ்டப்பட்ட நேரத்தில் ஊசியா? “நேரத்துக்கு போடாம இருக்கறதுனாலதான் சீனி ஏறுது. மலையில, அத்தனை பேருக்கு முன்னுக்கு, சட்டைய தூக்கிட்டு நிப்பியா? இங்க குடு!” என்று குப்பியைப் பிடுங்கினேன். உருட்டவில்லை... ரெண்டு குலுக்குக் குலுக்கினேன். காலையில் வழக்கமாகப் போடும் அளவை முழுதாக ஏற்றினேன்.

அவள் மறுக்கவில்லை. தங்கச்சி டீச்சர், சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ. சட்டையை விலக்கிக் காட்டினாள். போட்டு முடித்ததும், “சரி, அப்ப ஒருசந்தி வேணாம். ஒரு ரொட்டி சுட்டு தின்னுட்டே வாறேன்” என்றாள்.

கேட்டீர்களா? சாப்பிடுகிறேன் என்றுதான் சொன்னாள்! என்னை நம்பித் தன் ஒருசந்தியையே விட்டுவிட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “மாவு குழைச்சி ரொட்டி சுட எங்க நேரம்? வாசிக்கிறது நானு. நான் போகாம ஆரம்பிக்க மாட்டாங்க. மேல போனதும் முதல் கோப்பை கஞ்சி ஒனக்குத்தான், வா.”

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். ஊசி போட்டால் அரை மணித்தியாலத்துக்குள் சாப்பிட வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் இழுத்தேன்.

பாதர் வேறொரு தோட்டத்தில் சிலுவைப்பாதையை முடித்துவிட்டு வர வேண்டும். வர நேரமாயிற்று. மழை தூறியது. அக்கா ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். அப்போதாவது அவளை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம்... வீடு கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. பாதர் வந்துவிட்டார், நான் புத்தகத்தை விரித்தேன்.

ஐந்தாம் ஸ்தலத்துக்கு வந்தபோது திரும்பிப் பார்த்தேன். அந்தக் குளிரிலும் பனிமூட்டத்திலும் அக்காவின் நெற்றி வியர்த்துக் கொட்டியது. முக்காட்டைப் பிடித்த கை நடுங்கியது. அடுத்த ஸ்தலத்தில் கண்ணீர் வழியத் தனக்குத்தானே ஏதோ பேசினாள். பக்கத்தில் நின்ற ஒரு பெண் நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டு, “பாருங்க டீச்சர், ஒங்க அக்கா ஆண்டவர நெனச்சி எப்புடி உருகுறாங்க” என்றாள். நான் காது கொடுத்துக் கேட்டேன். அக்கா ஆண்டவரிடம் பேசவில்லை. “கொக்கி வைக்கல்ல... இன்னும் கொக்கி வைக்கல்ல...” என்று யாருடைய சட்டையைப் பற்றியோ புலம்பிக்கொண்டிருந்தாள்.

எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்! சீனி இறங்கினால் வியர்க்கும், நடுங்கும், பேச்சு மாறும், உடனே இனிப்புக் கொடுக்க வேண்டும் என்று அதே நர்ஸ் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொல்லித் தந்திருந்தார். என் கைப்பையில் முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு வாங்கிய டொபி கிடந்தது. பையைத் திறந்தால் போதும். ஆனால் கையில் புத்தகம், கண்ணெதிரே பாதர், சுற்றிலும் சனம். பெரிய வெள்ளியில், சிலுவைப்பாதையின் நடுவே, டீச்சர் டொபி பிரித்துக் கொடுப்பதா? இந்த ஒரு ஸ்தலம் முடியட்டும் என்று நினைத்தேன். அது முடிந்ததும் இன்னும் ஒன்று...

ஒன்பதாம் ஸ்தலத்தில் ஆண்டவர் மூன்றாம் முறை விழுகிறார். அங்கேதான் அக்காவும் விழுந்தாள்.

அப்போதும் சிலர் மண்டியிட்டார்கள், அவள் பக்தியில் சாய்ந்துவிட்டாள் என்று எண்ணி. நான் புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். அவளுக்குப் பல் கிட்டித்துவிட்டது. யாரோ தேத்தண்ணி ஊற்ற வந்தார்கள். நினைவில்லாதவளுக்கு எதையும் வாயில் ஊற்றக் கூடாது என்று தடுத்தேன். அன்று நான் சரியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். ஆனால் டொபி கொடுக்கும் நேரம் தாண்டிப் போயிருந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு சறுக்கும் பாதையில் இறங்கி, த்ரீவீலில் ஏற்றி, ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள்... அந்த வழி எவ்வளவு நீளமாக இருந்தது!

இளம் டொக்டர் விரலில் குத்திப் பார்த்தார், உடனே நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். பிறகு என் பக்கம் திரும்பி, சாப்பிடாத ஆளுக்கு முழு ஊசியை யார் போட்டது என்று சிங்களத்தில் கேட்டார்.

“எயாம கத்தா” என்றேன். அவளே போட்டுக்கொண்டாள் என்று அர்த்தம்.

எவ்வளவு சுலபமாக வந்தது! தமிழில் கேட்டிருந்தால் நாக்கு தடுமாறியிருக்குமோ என்று பலமுறை யோசித்திருக்கிறேன். இல்லை, தடுமாறியிருக்காது. சாயந்தரம் பதறியடித்து ஓடி வந்த சேவியரிடம் நல்ல தமிழிலேயே சொன்னேனே! “அம்மா ஒருசந்தியில ஊசியையும் போட்டுக்கிட்டு வந்துட்டாங்கப்பா. எனக்கு தெரியாது.”

அக்கா கண்விழிக்க வெகுநேரம் ஆயிற்று. மூளை நெடுநேரம் சீனியில்லாமல் இருந்துவிட்டது, பழையபடி வருவது கஷ்டம் என்றார்கள். அன்றைய காலை அவள் நினைவிலிருந்து முழுதாக அழிந்திருந்தது. அதைக் கேட்டபோது எனக்கு என்ன தோன்றியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பாடா என்று இருந்தது! பெற்ற தாய்க்குப் பிறகு என்னைத் தூக்கி வளர்த்தவள் நினைவிழந்து கிடக்கிறாள், எனக்கு நிம்மதி. நான் எப்பேர்ப்பட்டவள் என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

“நானா போட்டேன் ரீட்டா?” என்று கட்டிலில் படுத்தபடி கேட்டாள்.

“ஆமா.”

“சாப்பிடாமலா?”

“ஆமாக்கா.”

அவள் தன் கையைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தன்னை அவள் சந்தேகப்பட ஆரம்பித்தது அந்த நிமிடத்தில்தான்.

சேவியர் வீட்டுக்கு வந்ததும் மருந்தையும் சிரிஞ்சையும் எடுத்து என்னிடம் கொடுத்தான். “இனி அம்மா கையில இத குடுக்காதீங்க சின்னம்மா. நீங்கதான் பாத்துக்கணும்” என்று அழுதான். ஊசியைக் கெடுத்தவளிடமே ஊசி வந்து சேர்ந்தது. வாங்கிக்கொண்டேன்.

அக்கா இப்போது மெதுவாகப் பேசுகிறாள். சட்டை வெட்டினால் அளவு தப்புகிறது. சனங்கள் மெல்ல மெல்லத் துணி கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஊசி போட்டுக்கொள்ள அவளால் முடியும். நான் போடும்போது பார்க்கிறேனே, “நேத்து இந்தப் பக்கம்தான், மத்தப் பக்கம் போடு” என்று சரியாகச் சொல்கிறாள். கை மறக்கவில்லை. நம்பிக்கைதான் போய்விட்டது.

போன கிளினிக்கில் நர்ஸ் அவளுடைய பேச்சையும் கையையும் சோதித்துவிட்டு, “அம்மா, திரும்ப நீங்களே போட்டுப் பழகலாமே, டீச்சர் பக்கத்துல இருப்பாங்கதானே” என்றார். அக்காவின் கை சிரிஞ்சை நோக்கி நீண்டது. பாதியில் நின்றது. “ஏலாது மிஸ். என் கைய நான் நம்ப மாட்டேன்” என்றாள்.

ஒரே ஒரு வாக்கியம் நான் சொல்லியிருந்தால் அந்தக் கை சிரிஞ்சை எடுத்திருக்கும். அது நீ செய்த பிழையில்லை அக்கா, என்று. நான் மருந்துப் பையைக் கட்டினேன்.

இந்த வருடத் தபசு காலத்தில், பெரிய வெள்ளி மறுபடியும் நெருங்கியபோது, பாதரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்கு இருவரும் சேர்ந்து போனோம். அவள் முதலில் போய்விட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“அந்த ஊசி விசயத்தத்தான் திரும்பவும் சொன்னேன். ஒரு தடவ மன்னிச்சாச்சி, சும்மா சும்மா சொல்லாதீங்கன்னு பாதர் ஏசுறாரு. எனக்குத்தான் மனசு ஆறல்ல ரீட்டா. ஒனக்கும் எவ்வளவு கரச்சல் குடுத்துட்டேன்... நீயும் என்ன மன்னிச்சிக்கடி.”

ஆம். நான் செய்த பாவத்துக்கு அவள் மறுபடியும் மறுபடியும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இப்போது என்னிடமே கேட்கிறாள்!

“மன்னிச்சிட்டேன்க்கா” என்றேன்.

பிறகு நான் உள்ளே போய் முழந்தாளிட்டேன். கோபப்பட்டேன், இரண்டு பூசைக்குப் போகவில்லை, அயலவரைப் பற்றிப் புறம் பேசினேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.